ஹீற்றர் பிளக் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? பழைய டீசல் வான் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரே ஆண்டில் இரண்டாவது தடவையாக ஹீற்றர் பிளக் (குளிர்ந்த டீசல் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகச் சூடு கொடுக்கும் சிறு உறுப்பு) மாற்றிய வான் உரிமையாளரை யாழ்ப்பாணத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. ஏன் போனது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும்: சாமான் தரமில்லை, டீசல் தரமில்லை, வான் பழையது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவற்றில் எதைச் சொன்னாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. புதிய பிளக்குகள் ஏறுகின்றன, சில மாதங்களில் அதே காலை, அதே வெள்ளைப் புகை.

நல்ல ஹீற்றர் பிளக் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடுவது அதற்குப் பெரிய காரியமில்லை. அது சில மாதங்களில் கருகுகிறதென்றால் வேறு ஏதோ அதைக் கருக்குகிறது. அது எது என்பதைக் கழற்றிய பழைய பிளக்குகளே பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். நாம்தான் பார்க்காமல் குப்பையில் போடுகிறோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. வந்த வாகனங்களின் விலையும் பலருக்கு எட்டாத உயரம். இருக்கிற ஹையேஸையும் டெலிக்காவையும் இன்னும் பல காலம் ஓட்டத்தான் போகிறோம். அதனால் இதைச் சரியாக விளங்கிக்கொள்வது பயன்படும்.

டீசல் எஞ்சினில் தீ எங்கிருந்து வருகிறது

சைக்கிள் ரியூப்புக்குக் கைப்பம்பால் வேகமாகக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும்: பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றைச் சட்டென்று நெருக்கினால் அது சூடாகும் என்பதே காரணம். டீசல் எஞ்சின் முழுவதும் இந்த ஓர் உண்மையில்தான் நிற்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்ரன் மேலேறி, உள்ளே வந்த காற்றை மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்குகிறது. எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே நெருக்கல் விகிதம். பழைய ஹையேஸ்களில் வரும் 2எல், 3எல் எஞ்சின்களில் இது ஏறத்தாழ 22. அதாவது 22 பங்கு இடத்திலிருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டால் அந்தக் காற்று 600 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நொடியில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் தானாகவே தீப்பற்றும்.

பெற்றோல் எஞ்சினில் ஒவ்வொரு முறையும் பொறி தட்டித் தீ மூட்டும் ஸ்பார்க் பிளக் உண்டு. ஹீற்றர் பிளக்கின் வேலை அதுவல்ல. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் தீ பற்றும்வரை சூடு கொடுப்பதும், சில வாகனங்களில் ஸ்ரார்ட் ஆன பின் ஓரிரு நிமிடம் தொடர்ந்து உதவுவதும் மட்டுமே அதன் பணி. எஞ்சின் சூடேறிய பிறகு, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளக்குகளின் வயரையும் கழற்றிவிட்டாலும் வான் கொழும்புவரை ஓடும். ஆகவே, 'பிளக் போனதால்தான் டீசல் கூடக் குடிக்கிறது', 'ஏற்றத்தில் இழுவை இல்லை' என்று யாராவது சொன்னால், அந்தக் கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும்.

வெயில் நாட்டுக்கு இது எதற்கு?

இந்தக் கேள்வியை நியாயமாகவே கேட்கிறார்கள். மார்கழி, தை மாத விடியலில்கூட யாழ்ப்பாணத்தில் வழக்கமாக 22, 23 பாகை இருக்கும். கொழும்புக்கு ஓடும் பெரிய பஸ்களிலும் லொறிகளிலும் பெரும்பாலும் ஹீற்றர் பிளக்கே இல்லை. அவை காலையில் ஒரே சுற்றில் ஸ்ரார்ட் ஆகின்றன. பிறகு வானுக்கு மட்டும் ஏன்?

வேறுபாடு எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கிறது. பெரிய பஸ் எஞ்சினில் டீசல் நேரடியாகப் பிஸ்ரனின் மேலேயே தெளிக்கப்படுகிறது. இதை நேரடித் தெளிப்பு என்பார்கள். பழைய வான் எஞ்சின்களில் டீசல் முதலில் சிலிண்டருக்கு மேலேயுள்ள ஒரு சிறு குழிக்குள் தெளிக்கப்பட்டு, அங்கே தீப்பற்றி, ஒரு குறுகிய வாய் வழியாகக் கீழே பாய்கிறது. இந்தக் குழிக்குச் சுழல் அறை என்று பெயர். ஓடும் எஞ்சினுக்கு இந்த ஏற்பாடு நல்லது. சத்தம் குறைவு, எரிதல் சீர். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் நெருக்கிய சூடான காற்று அந்தக் குறுகிய வாய்க்குள் நுழைந்து சுழலும்போது, சுற்றியுள்ள உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. அதோடு ஸ்ராட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தடவைதான் சுற்றுகிறது. மெதுவாக நெருக்கினால் சூடு தப்பிப் போக நேரம் கிடைக்கிறது, பிஸ்ரன் வளையங்களின் இடைவெளியால் காற்றும் கசிகிறது. கணக்கில் வந்த 600 பாகை நடைமுறையில் கிட்டுவதில்லை. 23 பாகைக் காலையிலும் சுழல் அறை எஞ்சினுக்கு ஹீற்றர் பிளக் தேவைப்படுவது இதனால்தான். எஞ்சின் தேயத் தேய அந்தத் தேவை கூடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டீசலுக்குத் தீ வைப்பது நெருக்கப்பட்ட காற்றின் சூடு. சுழல் அறை எஞ்சினில் அந்தச் சூடு காலையில் போதாது. போதாத பங்கை ஹீற்றர் பிளக் கொடுக்கிறது.

பிளக்கின் உள்ளே

பென்சிலைவிட மெலிந்த ஓர் உலோகக் குழாய். அதன் நுனி சுழல் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் ஒரு கம்பிச்சுருள். சுருள் குழாயின் பக்கங்களில் முட்டாதபடி சுற்றிலும் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் மேல்முனையால் வந்து, சுருளைச் சூடாக்கி, நுனியிலிருந்து குழாய் வழியாக எஞ்சின் உடலுக்குள் இறங்கிப் பற்றரியின் மறுமுனைக்குத் திரும்புகிறது. சில நொடிகளில் நுனி 850 பாகையைத் தொடும்.

பல பிளக்குகளில் முதல் சுருளுக்குப் பின்னால் இன்னொரு சுருளும் உண்டு. சூடேறச் சூடேற அதன் தடை கூடி மின்னோட்டத்தைக் குறைக்கும். பிளக் தன்னைத்தானே ஓரளவு காத்துக்கொள்வது இதனால். ஆனால் அது ஓரளவுதான். குறித்த நேரத்துக்கு மேல் மின்சாரம் கொடுத்தாலோ, குறித்த வோல்ற்றளவுக்கு மேல் கொடுத்தாலோ சுருள் உருகும், குழாய் வீங்கும்.

நான்கு பிளக்குகளின் மேல்முனைகளையும் ஒரு தட்டையான உலோகப் பட்டை இணைக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு பிளக்கும் 10 முதல் 20 அம்பியர் வரை இழுக்கும். முகப்பு விளக்கு ஒன்று இழுப்பது 5 அம்பியருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய மின்னோட்டத்தைச் சாவி சுவிச் தாங்காது. அதனால் றிலே என்ற மின்காந்தச் சுவிச் அதைத் திறந்து மூடுகிறது. எத்தனை நொடி என்பதை ஒரு ரைமர் முடிவு செய்கிறது. எஞ்சினின் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஒரு சென்சர் அந்த ரைமருக்குச் சொல்கிறது.

டாஷ்போட்டில் சுருள் வடிவில் மஞ்சளாக எரியும் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பழைய வாகனங்களில் அது ரைமரின் கணக்குப்படி எரிந்து அணைகிறது. பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. நான்கும் செத்திருந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

எது போனது, எப்படிப் போனது

பிளக்குகளைக் கழற்றும்போது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதி, ஒரு பழைய பேப்பரில் வரிசையாக வையுங்கள். இந்தச் சிறு வேலையில்தான் பாதி விடை இருக்கிறது. நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குழாயின் நடுப்பகுதி வயிறு வைத்ததுபோல் வீங்கியிருந்தால், அல்லது நீளவாக்கில் வெடித்திருந்தால், அது அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தின் வேலை. நுனி ஒரு பக்கமாக அரிக்கப்பட்டு, உருகி, ஓட்டை விழுந்து, உள்ளேயிருக்கும் வெள்ளைத் தூள் தெரிந்தால், அது தீயின் வேலை. பெரும்பாலும் டீசல் தெளிக்கும் முறை பிழைத்திருக்கிறது. வெளியே எந்தக் காயமும் இல்லாமல் உள்ளே மட்டும் அறுந்திருந்தால் வயது போயிருக்கலாம், மலிவான தயாரிப்பாகவும் இருக்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. நான்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் போனால் நான்குக்கும் பொதுவான ஒன்றில் தேடுங்கள், அதாவது மின்சுற்றில். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் போகிறதென்றால் மூன்றாவது சிலிண்டரில் தேடுங்கள்.

பிளக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வையுங்கள். ஏறத்தாழ ஒரு ஓம், அல்லது அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ காட்டினால் சுருள் அறுபடவில்லை. எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. மலிவான மீற்றர்களில் வயர்களே அரை ஓம் வரை காட்டக்கூடும். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மீற்றர் இல்லாவிட்டால் 12 வோல்ற் பல்ப் ஒன்றைப் பற்றரியின் நேர்முனைக்கும் பிளக்கின் தலைக்கும் இடையில் பிடித்தாலும் போதும். எரிந்தால் சுருள் முழுதாக இருக்கிறது.

எல்லாம் ஒன்றாகப் போனால்

முதலில் சந்தேகப்பட வேண்டியது, பூட்டியது சரியான பிளக்தானா என்பதையே. இதில் எங்கள் ஊரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எத்தனையோ வான்களில் இப்போது இருப்பது தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சின் இல்லை. ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த எஞ்சின், கொழும்பின் பஞ்சிகாவத்தையிலோ வேறிடத்திலோ வாங்கி ஏற்றியது. 2எல் இருந்த இடத்தில் 3எல் நிற்கும். வயரிங்கும் றிலேயும் ரைமரும் பழைய எஞ்சினுக்கு உரியவை. கடையில் போய் வானின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் கடைக்காரர் அந்த வானுக்குரிய பிளக்கைத் தருவார். அவர் மேல் பிழையில்லை.

12 வோல்ற் வாகனத்துக்கு வரும் எல்லாப் பிளக்கும் 12 வோல்ற் பிளக் இல்லை என்பதுதான் விஷயம். சில எஞ்சின்களில் வேகமாகச் சூடேறுவதற்காக 6 வோல்ற் அளவில் செய்த பிளக்குகளைப் பூட்டியிருப்பார்கள். ரைமர் அவற்றுக்கு முழு வோல்ற்றளவைச் சில நொடிகள் மட்டும் கொடுத்து, பிறகு ஒரு தடைவழியாகக் குறைத்துக் கொடுக்கும். அந்த ரைமர் இல்லாத வானில் இந்தப் பிளக்கைப் பூட்டினால் என்ன நடக்கும்? சூடு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு கூடும். இரண்டு மடங்கு வோல்ற் என்றால் நான்கு மடங்கு சூடு. சில காலைகளிலேயே நான்கும் வீங்கிவிடும். மறுபக்கமாக, 6 வோல்ற் ஏற்பாட்டில் 12 வோல்ற் பிளக்கைப் பூட்டினால் அது கருகாது, ஆனால் சூடும் போதாது. பிளக்கின் உடலில் அதன் இலக்கமோ வோல்ற்றளவோ பொறித்திருக்கும். எஞ்சின் இலக்கத்தையும், வானில் இருக்கும் ரைமர் எந்த வகை என்பதையும் பார்த்து அதோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, கையால் அழுத்தும் பட்டன். ரைமர் பழுதானதும் புதியது தேடுவதைவிட டாஷ்போட்டின் கீழே ஒரு பட்டன் வைத்துக் கொடுப்பது இலகு, செலவும் குறைவு. அது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் எத்தனை நொடி அழுத்துவது என்பதை இப்போது ஓட்டுநரின் பொறுமையே தீர்மானிக்கிறது. அதிகாலையில் சுன்னாகம் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ மரக்கறி ஏற்றப் புறப்படுகிறவர் அவசரத்தில் அரை நிமிடம் அழுத்துகிறார், ஸ்ரார்ட் ஆகாவிட்டால் இன்னொரு அரை நிமிடம். இதில் ஒரு சங்கிலி உண்டு. ஒரு பிளக் செத்ததும் எஞ்சின் கடினமாக ஸ்ரார்ட் ஆகிறது. அதனால் கூடுதலாக அழுத்துகிறார். அதனால் மிஞ்சிய மூன்றும் அளவுக்கு மீறிச் சூடாகின்றன. அடுத்த மாதம் இரண்டாவது போகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்து 'முழுப் பெட்டியுமே போலி' என்கிறோம். பட்டன் உள்ள வானில் ஒருவர் மீற்றரோடு நின்று, எத்தனை நொடி போதும் என்று பார்த்து, ஒரு சாதாரண ரைமர் றிலேயைப் பொருத்திவிடுவது பிளக் வாங்குவதைவிட நல்ல செலவு.

மூன்றாவது, ஒட்டிக்கொண்ட றிலே. பல அம்பியர்களைத் திறந்து மூடி அதன் தொடுமுனைகள் கருகி, ஒருநாள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும். அப்போது எஞ்சின் ஓடும்போதும் பிளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது மிக இலகு. 12 வோல்ற் பல்பின் ஒரு முனையைப் பிளக் பட்டையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் இணைத்துவிட்டு ஸ்ரார்ட் செய்யுங்கள். சூடேறியபின் பல்ப் அணைந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் எரிந்தால் றிலேயை மாற்றுங்கள். சாவியை எடுத்த பிறகும் எரிந்தால், இரவோடிரவாகப் பற்றரி இறங்குவதன் காரணமும் கிடைத்துவிட்டது.

தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சர் வயர் அறுந்திருந்தாலும் இதையொத்த கோளாறு வரும். சில வகை ரைமர்கள் அறுந்த வயரைக் கடுங்குளிர் என்றே எடுத்துக்கொள்ளும். நடுப்பகலில் சூடான எஞ்சினுக்கும் முழு நேரம் மின்சாரம் கொடுக்கும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஒரு நாளில் எத்தனை தடவை ஸ்ரார்ட் ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அல்டர்னேற்றர் கூடுதலாக மின்னேற்றுவதைப் பலர் முதல் குற்றவாளியாக்குகிறார்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை இருப்பது சரி. 15ஐத் தாண்டினால் பழுது. ஆனால் அது பிளக்கைத் தொட வேண்டுமானால் எஞ்சின் ஓடும்போது பிளக்கில் மின்சாரம் இருக்க வேண்டும். ஆகவே றிலேயைப் பார்த்த பிறகு இதைப் பாருங்கள்.

சுருக்கம்: வீங்கிய நான்கு பிளக்குகள் என்றால், முதலில் பிளக்கின் வோல்ற்றளவு, பிறகு எவ்வளவு நேரம் மின்சாரம் போகிறது, பிறகு அது நிற்கிறதா என்பது.

ஒரே சிலிண்டரில் மட்டும் போனால்

டீசலைத் தெளிக்கும் உறுப்பு இன்ஜெக்டர். அதன் நுனியே நொசில். நல்ல நொசில் மெல்லிய பனியாகத் தெளிக்கும். தேய்ந்த நொசில் நீர்த்தாரையாக அடிக்கும், அல்லது சொட்டும். தாரை நேராகப் பிளக்கின் நுனியில் பட்டு அங்கேயே எரிந்தால் எந்த உயர்ந்த பிளக்கும் தாக்குப்பிடிக்காது. அரித்த நுனி அதன் அடையாளம். நொசில் சோதிக்கும் பட்டறையில் கைப்பம்புக் கருவியில் பூட்டி அழுத்தும்போது பாருங்கள்: பனியாகப் பிரிகிறதா, நிறுத்தியபின் நுனி உலர்ந்திருக்கிறதா? அந்தத் தெளிப்பின் கீழே விரலை நீட்டக்கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் அதற்கு உண்டு.

நொசில் ஏன் தேய்கிறது என்பதில் மண்ணெண்ணெய்க்கும் பங்குண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நினைவினாலோ என்னவோ, 2022 தட்டுப்பாட்டின்போது டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அன்று ஓடியவை பெற்றோல் எஞ்சின்கள். டீசல் எஞ்சினில், டீசலை அழுத்தி அனுப்பும் பம்புக்கும் நொசிலுக்கும் டீசலேதான் எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு; நுண்ணிய உலோகப் பரப்புகள் உரசித் தேயும். வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை மாதக்கணக்காக இறக்காமல் விடுவதும் நொசிலுக்குக் கேடு.

நான்கு நுனிகளும் அரித்திருந்தால் மட்டும் பம்பின் நேரத்தைச் சந்தேகிக்கலாம். பம்ப் டீசலை உரிய கணத்துக்கு முன்பே தெளித்தால் எல்லா அறைகளிலும் சூடு மீறும்.

பிளக்கில் குற்றமில்லாத காலைகள்

சில வேளைகளில் பிளக் நான்கும் நன்றாக இருக்கும், வான் மட்டும் எழும்பாது. பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் ஓடும் வாகனங்களில் உப்புக்காற்று இணைப்புப் பட்டையின் நட்டுகளில் பச்சை பூக்க வைக்கும். மின்சாரம் அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் சரியாகும் கோளாறுக்கு நான்கு புதிய பிளக் வாங்குவது வீண். பலமிழந்த பற்றரி, இரவில் காற்றிழுத்து டீசலைப் பின்னோக்கி வடியவிடும் குழாய், தேய்ந்த வளையங்களால் குறைந்த நெருக்கல் ஆகியவற்றின் பழியும் பிளக் மேல்தான் விழுகிறது. அதனால் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி நல்ல பிளக்கையும் கருக்கிவிடுகிறோம்.

எழும்பாத எஞ்சினுக்குக் காற்றுக்குழாயில் ஸ்ரார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதிலிருக்கும் ஈதர் சிவந்த பிளக்கில் பட்டு நேரங்கெட்ட நேரத்தில் வெடித்தால் பிஸ்ரனும் வளையமும் உடையும்.

கழற்றும்போதும் பூட்டும்போதும்

வீங்கிய பிளக் போன துவாரத்தால் இலகுவில் திரும்பி வராது. எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் பிளக் முறிந்து எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றும் செலவு வந்து சேரும். வெளியே வந்த பிளக் மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்தால் நுனி உள்ளே விழுந்திருக்கிறது. அந்தத் துண்டை எடுக்கும்வரை சாவியைத் திருப்பவே கூடாது.

புதியதைப் பூட்டுமுன் புரியில் படிந்த கரியைத் துடைத்துவிட்டு, முதலில் விரலாலேயே முழுதாக ஏற்றுங்கள். 10 மில்லிமீற்றர் புரிக்கு 15 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கமே போதும். ஸ்பனரின் நீண்ட பிடியில் முழுக்கை பலத்தையும் போடத் தேவையில்லை. பட்டையைப் பளிச்சென்று தேய்த்துப் பூட்டியபின், முன்பு சொன்ன பல்பை மறுபடி இணைத்து ஸ்ரார்ட் செய்து, பத்து நிமிடம் கழித்து அது அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பொனற்றை மூடுங்கள்.